பூக்காரம்மாவின் உலராத ஆரஞ்சுகள்

மலர்ந்ததை மலர்ந்தபடியே நிறுத்தி வைப்பது அந்த அம்மாளின் தொழில். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் பருவங்களுக்குத் தமிழ் ஏழு பெயர்களைச் சூட்டி வைத்திருக்கிறது. அவற்றுள் நான்காம் பருவத்தில் பூவைக் கையைப் பிடித்து நிறுத்தி, ஐந்தாம் பருவத்தினுள் அது கால்வைக்குமுன் விற்றுவிட வேண்டும். ஆறும் ஏழும் குப்பைக்கூடையைச் சேர்ந்தவை. தையற்கடைக்கும் சாவிக்கடைக்கும் நடுவே, ஒரு கதவும் ஒரு சன்னலுமாக இருந்த அந்தக் கடையில், காலையில் தண்டுகளைச் சாய்வாக நறுக்கி வாளிகளில் நிறுத்திவிட்டால், கடையடைக்கும் வரை அவற்றை வாடவிடாமல் காப்பதே அவள் தவம். தெரு அவளைப் பூக்காரம்மா என்றது. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மருமகளோ பூவைக் கண்டால் தும்முகிறவள்.

அந்தச் சம்பந்தம் வந்த வழியும் தும்மல் வழிதான். பூக்காரம்மாவின் ஒரே மகன் வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவாளன். அங்கே செய்தி வாசிக்கும் பெண்ணுக்கு, அவன் பணியிலிருக்கும் வேளைகளில் மட்டும், வாக்கியத்தின் நடுவே தும்மல் வந்தது. அணையின் நீர்மட்டம் என்று தொடங்குவாள். நீர் வரும், மட்டம் வராது. அவன் ஒலிநாடாவிலிருந்து அத்தும்மல்களை ஒவ்வொன்றாக வெட்டியெடுத்தான். வெட்டியவற்றை எறிய மனம் வராமல் தனியே சேர்த்தும் வைத்தான். தன் சட்டையில் ஒட்டி வந்த மகரந்தமே அத்தனைக்கும் காரணம் என்று அவன் கண்டுபிடிப்பதற்குள் இருவருக்கும் காரியம் கைமீறிப் போயிருந்தது.

திருமணம் பேச இரு குடும்பமும் பெண் வீட்டில் கூடின. பெண்ணின் தாய் பல் மருத்துவர். கீழ்த்தளத்தில் மருத்துவமனை, மேல்தளத்தில் வீடு. அந்த வீட்டில் தூசு உட்காரவும் அஞ்சும். சன்னல்தோறும், மேசைதோறும், மாடிப்படியின் திருப்பந்தோறும் பூச்சாடிகள் இருந்தன. அத்தனையும் பிளாஸ்டிக். பூக்காரம்மா உள்ளே நுழைந்ததும் அவற்றைப் பார்த்தாள். பிறகு பாராதவள்போல் உட்கார்ந்தாள்.

“பூ ஒத்துக்காதுன்னா விட்டுடலாம் சம்பந்தி,” என்றார் பல் டாக்டரம்மா. “பிளாஸ்டிக்ல இப்ப எல்லாமே வருது. தொட்டுப் பார்த்தாக்கூட வித்தியாசம் தெரியாது.”

“தொட்டா எனக்குத் தெரியும்.”

“துடைச்சு வெச்சா பளிச்சுனு இருக்கும். வாடவும் வாடாது.”

“வாடலைன்னா அது பூவே இல்ல சம்பந்தி.”

“அப்ப என்னதான் பண்றது? மண்டபத்தை மொட்டையா விடச் சொல்றீங்களா?”

பூக்காரம்மாவின் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். ஏற்ற இறக்கத்தையே பிழைப்பாகக் கொண்டவராதலால் எந்தப் பேச்சுக்கும் பதறாதவர். அவரே நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். பூக்காரம்மா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஆரஞ்சை வட்ட வட்டமா நறுக்கி உலர்த்தினா கண்ணாடி மாதிரி ஆயிடும். வெளிச்சம் பட்டா விளக்கு ஏத்தின மாதிரி இருக்கும். எலுமிச்சையும் ஆப்பிளும் அப்படியே. நடுநடுவுல பட்டைக்குச்சி. சரம் சரமா கோத்துத் தொங்கவிடலாம். எல்லாம் நானே செய்றேன்.”

“இதுக்கு முன்னாடி செஞ்சிருக்கீங்களா?”

“பூவையே காப்பாத்துறவளுக்குப் பழம் என்ன பெரிய விஷயம்.”

“சரி. ஒருவேளை சரியா வரலைன்னா?”

“வரலைன்னா உங்க பிளாஸ்டிக்கையே மாட்டிக்குங்க.”

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது. அவள் மகன் திருமணத்திற்குக் கடைத்தெரு முழுவதும் வரும். மொத்த வியாபாரி வருவார். அவளிடம் பூ வாங்கித் தம் வீட்டுத் திருமணங்களை நடத்தியவர்கள் எல்லாரும் வருவார்கள். அவர்கள் கண்முன்னே பூக்காரம்மா வீட்டு மேடையில் பிளாஸ்டிக் பூ நின்றால், மறுநாள் எந்த முகத்தோடு கடையைத் திறப்பது?

வீட்டு வாசலுக்கு வந்ததும் கணவர் கேட்டார்.

“ஏன் அப்படிச் சொன்னே?”

“வந்துடுச்சு.”

வேலை தொடங்கியது. தண்டு நறுக்கும் கத்தியையே தீட்டி எடுத்தாள். ஆரஞ்சைப் பென்சில் பருமனுக்கு நறுக்க வேண்டும். மெலிந்தால் ஓவனில் சுருண்டு கருகும். பருத்தால் சதைக்குள் ஈரம் பதுங்கிக்கொள்ளும். நறுக்கிய வட்டங்களைத் துணிகளுக்கிடையே வைத்து அழுத்திச் சாற்றை வாங்கினாள். ஆப்பிள் கறுக்காதிருக்க எலுமிச்சை நீரில் முக்கி எடுத்தாள். பிறகு ஓவனை அதன் மிகத் தாழ்ந்த சூட்டில் வைத்து, ஆவி வெளியேற, கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகினாள். அரைநாள் அந்தக் கதகதப்பில் கிடந்த துண்டுகள் பின்னறைக்குப் போயின. அங்கே கைவிடப்பட்ட ஏதோவொரு லிஃப்டின் காற்றுத்துளைத் தகடுகளைக் கணவர் கொண்டுவந்து தட்டுகளாக அடுக்கியிருந்தார். சன்னலோரக் காற்றில் சில நாள் கிடந்து, புரட்டிப் புரட்டி விடப்பட்டு, அவை முற்றும் உலர வேண்டும். கணக்கு அதுதான்.

கணக்கு பொய்த்தது. ஓவனிலிருந்து பொன்னாக வந்தவை பின்னறையில் பிசுபிசுத்தன. பிறகு நெகிழ்ந்தன. அப்புறம் ஒரு காலையில் அவற்றின்மீது சாம்பல்நிறப் பூஞ்சை, பூனைக்குட்டியின் முதுகைப்போல் மெத்தென்று படர்ந்திருந்தது.

“யாரோ ஈரத்தை உள்ள விடுறாங்க,” என்றாள் பூக்காரம்மா.

விசாரணை தொடங்கியது. முதல் குற்றவாளி கணவர். அவர் வெந்நீரில் குளிக்கிறார். குளியலறைக் கதவு பின்னறையைப் பார்த்து இருக்கிறது. நீராவி நேரே பழத்தின்மேல் போகிறது. அன்றிலிருந்து அவருக்குக் குளிர்ந்த நீர். இரண்டாம் குற்றவாளி மகன். தேநீர்க் கெண்டியைக் கையோடு வைத்துக்கொண்டு வீடெல்லாம் உலவுகிறவன். அவனுக்குச் சமையலறைக்கு அப்பால் தேநீர் இல்லையென்று தீர்ப்பாயிற்று. பழக்கடைக்காரரையும் அவள் விடவில்லை.

“பழத்துல தண்ணி ஜாஸ்தியா இருக்கு,” என்றாள் அவரிடம்.

“பழம்னா தண்ணி இருக்கும்மா. கல்லுலதான் இருக்காது,” என்றார் அவர்.

இரண்டாம் தவணைப் பழங்களுக்குத் தானே காவலிருந்தாள். கடை நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் பின்னறையில் நாற்காலி போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, தட்டுகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இம்முறை பூஞ்சை முன்னைவிட விரைந்து வந்தது.

அன்றைக்கென்று பல் டாக்டரம்மா தொலைபேசியில் அழைத்தார்.

“வெள்ளையில எடுக்கட்டுமா சம்பந்தி, ரோஸ்ல எடுக்கட்டுமா? முன்னாடியே சொல்லிட்டா நல்ல தரமாக் கிடைக்கும்.”

“இன்னும் நாள் இருக்கு சம்பந்தி,” என்று சொல்லிவிட்டுப் பூக்காரம்மா மூன்றாம் தவணைக்குப் பழம் வாங்கக் கிளம்பினாள்.

மூன்றாம் தவணைக்குக் கை கொடுக்க, விடுமுறை நாளில் மருமகளாகப் போகிற செய்திக்காரியே வந்து சேர்ந்தாள். அவள் வருகிறாள் என்றால் வீட்டில் எல்லாரும் சட்டை மாற்றுவார்கள். பூக்காரம்மா குளித்துவிட்டு, கடைக்குக் கொண்டுபோகாத பச்சை மேலங்கியைக் கட்டிக்கொள்வாள். இருவரும் பின்னறையில் உட்கார்ந்தார்கள். ஓவனிலிருந்து இறங்கிய புதுத்துண்டுகள் தட்டுகளில் ஆறிக்கொண்டிருந்தன. செய்திக்காரி கோப்பதற்கு நூலை அளந்துகொண்டிருந்தாள். பூக்காரம்மா எழுந்தும் நடந்தும் பேசிக்கொண்டிருந்தாள்.

“காத்து சரியில்லைன்னு சொல்லலாம். ஆனா துணி காயுதே? பழம் மட்டும் ஏன் காயல? யாரோ கண்ணு வெச்ச மாதிரி இருக்கு…”

பேச்சு ஒருபக்கம் நடந்துகொண்டிருக்க, அவளுடைய வலக்கை மேலங்கிப் பையிலிருந்து ஒரு தெளிப்பானை எடுத்தது. உஸ், உஸ் என்று முதல் தட்டின்மேல் மெல்லிய நீர்த்திவலைகள் இறங்கின. மூடுபனிபோல் அத்தனை நுண்மை. பல்லாண்டுக் கைப்பழக்கத்தின் அழகு. இரண்டாம் தட்டைக் கடக்கையில் உஸ். மூன்றாம் தட்டின் ஓரத்தில் ஒரு துண்டு சற்றே சோர்ந்ததுபோல் தெரிந்ததால் அதற்குத் தனியாக ஓர் உஸ். கை தெளிப்பானைப் பைக்குள் வைத்தது.

“…எனக்குக் காரணமே புரியலம்மா,” என்று முடித்தாள் பூக்காரம்மா.

செய்திக்காரி நூலை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அங்கே தந்தையும் மகனும் சுவரைப் பார்த்துத் தேநீர் பருகிக்கொண்டிருந்தார்கள்.

“உங்களுக்கெல்லாம் தெரியுமா?” என்று தணிந்த குரலில் கேட்டாள்.

“ரெண்டாவது தடவையே தெரியும்,” என்றான் மகன்.

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“நீ இன்னும் இந்த வீட்டுக்கு வரலம்மா,” என்றார் கணவர். “வந்தப்புறம் இந்தக் கேள்வியைக் கேளு. லிஃப்டுக்கு மேல கம்பியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு வேலை பார்த்தவன் நான். அவ கையைப் பத்தி அவகிட்டயே சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது.”

“அதுக்காகப் பச்சைத் தண்ணியில குளிக்கிறீங்களா மாமா?”

“உடம்புக்கு நல்லதாம்.”

செய்திக்காரி சற்று யோசித்தாள். மாமியார் ஆகப்போகிறவளை நேருக்கு நேர் குற்றஞ்சாட்டும் நாக்கு அவளுக்கும் இல்லை. ஆனால் யார்மீதும் கோபமின்றி, யாருக்கும் அஞ்சாமல், நடந்ததை நடந்தபடி நாட்டுக்கே சொல்லும் நாக்கு ஒன்று அவளிடம் இருந்தது. பின்னறை வாசலில் வந்து நிமிர்ந்து நின்று தொண்டையைச் செருமினாள்.

“வணக்கம். செய்திகள் வாசிப்பது உங்கள் வருங்கால மருமகள். முதலில் தலைப்புச் செய்தி. பின்னறையில் பழங்கள் தொடர்ந்து பூஞ்சை பிடித்துவந்த விவகாரத்தில் புதிய திருப்பம் ஏற்பட்டுள்ளது. குளியலறை நீராவிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று உறுதியாகியுள்ளது. தேநீர்க் கெண்டியும் விடுவிக்கப்பட்டது. உலர வேண்டிய பழங்களின்மீது நாள்தோறும் நீர் தெளிக்கப்பட்டுவந்ததை நேரில் கண்ட சாட்சி ஒருவர் தெரிவித்தார். தெளித்தவர் பச்சைநிற மேலங்கி அணிந்திருந்ததாகத் தெரிகிறது.”

பூக்காரம்மா குனிந்து தன் மேலங்கியைப் பார்த்தாள்.

“யாரு, நானா? நான் ஏன் தெளிக்கிறேன்? எனக்குத் தெரியாதா இதுல தண்ணி படக்கூடாதுன்னு?”

“அத்தை, இப்பக்கூட.”

கை உயர்ந்திருந்தது. தெளிப்பானின் மூக்கு இரண்டாம் தட்டை நோக்கியிருந்தது. விரல் விசையின்மேல் இருந்தது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் தன் மடியில் போட்டுவிட்ட கையைப் பார்ப்பதுபோல், பூக்காரம்மா அந்தக் கையை நெடுநேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியில் மெல்ல அமர்ந்தாள். வாசற்கதவின் பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக மாற்ற முயன்றது கேட்டது.

“சிரிக்கிறவரு வெந்நீர்லயே குளிக்கலாம்,” என்றாள் அவள்.

வீட்டிலிருந்த தெளிப்பான்களையெல்லாம் திரட்டினார்கள். சமையலறைச் சன்னலில் ஒன்று, தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒன்று, துணி அலமாரியில் ஒன்று, கைப்பையில் ஒன்று. அவை பறிமுதலான மறுநாளே அவள் குடிக்க எடுத்த தண்ணீர்க் குவளையில் விரல் நனைத்து எலுமிச்சைமேல் சுண்டியதை மகன் பார்த்தான், கையைத் தட்டிவிட்டான். அன்று மாலை அவளே முடிவுக்கு வந்தாள்.

“பழம் இந்த வீட்டுல இருந்தா நான் கொன்னுடுவேன். வேற எங்கயாவது கொண்டுபோகணும்.”

“எங்கம்மா வீடு இருக்கு அத்தை,” என்றாள் மறுபடி வந்திருந்த செய்திக்காரி. “அங்க தரையில ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தா அம்மாவுக்குக் கீழ் மாடியில கேட்கும்.”

பழம் கெட்டால் யாருக்கு வெற்றியோ, அவரிடமே பழத்தை ஒப்படைப்பதா? மாற்று வழி ஏதும் இருக்கிறதா என்று பூக்காரம்மா சொந்தபந்தங்களை மனத்துக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தாள். ஒரு வீட்டில் கைக்குழந்தை. ஒரு வீட்டில் எந்நேரமும் சமையல். ஒரு வீட்டில் கூரை ஒழுகும். மறுநாள் காலையில் தட்டுகளைத் துணியால் மூடிக்கொண்டு சம்பந்தி வீட்டுப் படியேறினாள்.

வேறு காரணம் ஏதேனும் சொல்லலாமென்று வழியில் இரண்டொன்றைத் தயாரித்து வைத்திருந்தாள். பல் டாக்டரம்மாவின் மூக்குக்கண்ணாடியைப் பார்த்ததும் அவை மறந்துபோயின.

“கை சும்மா இருக்க மாட்டேங்குது சம்பந்தி. என்னை அறியாம தண்ணி தெளிச்சுடறேன்.”

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்துத் தலை குனிந்திருந்தாள். அவர் சிரிக்கவில்லை. அவளுடைய வலக்கையை வாங்கி, சொத்தைப்பல்லைப் பார்ப்பதுபோல் திருப்பிப் பார்த்தார்.

“நகம் கடிக்கிறவங்க, பேனா கடிக்கிறவங்க, சும்மாவே பல்லை நறநறன்னு கடிக்கிறவங்க, எல்லாரும் என்கிட்டதான் வர்றாங்க. நிறுத்துன்னு சொன்னா ஒருத்தரும் நிறுத்தினதில்ல. கைக்கோ வாய்க்கோ வேற ஏதாவது கொடுக்கணும்.” அறையைச் சுற்றிப் பார்த்தார். “எனக்கும் இந்தத் தட்டையெல்லாம் வைக்க இடம் வேணும். ஒண்ணு செய்யுங்க. இந்தப் பூவையெல்லாம் உங்க வீட்டுக்குக் கொண்டுபோங்க. ஆசை தீரத் தெளிங்க. அதுக்கு ஒண்ணும் ஆகாது.”

“பிளாஸ்டிக்குக்கா?”

“மருந்துன்னு நினைச்சுக்குங்க.”

அவ்வாறே ஆயிற்று. பிளாஸ்டிக் பூக்களைப் போர்வையில் சுற்றிக் கணவரும் மனைவியும் ஆளுக்கொரு மூட்டையாகத் தூக்கிக்கொண்டு கடைத்தெரு வழியே நடந்தார்கள். போர்வையின் ஓட்டை வழியே ஒரு ரோஜா எட்டிப் பார்த்தது.

“என்னம்மா மூட்டை?” என்றார் சாவிக்கடைக்காரர்.

“துணி,” என்று சொல்லிவிட்டு நடையை எட்டிப் போட்டாள் பூக்காரம்மா.

பின்னறைச் சன்னலில் அந்தச் சாடிகள் வரிசையாக நின்றன. முதல் நாள் முழுவதும் அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. இரண்டாம் நாள் கை போயிற்று. உஸ் என்றதும் இதழ்மடிப்புகளில், துடைப்புத்துணி எட்டாத ஆழங்களில், ஒளிந்திருந்த தூசு கரைந்து வழிந்தது. அட, என்று இன்னும் கொஞ்சம் தெளித்தாள். பிறகு காலையும் மாலையும் வழக்கமாயிற்று.

“போன வாரத்துக்கு இப்ப நல்லாத் தேறியிருக்கு,” என்றார் கணவர், ஒரு லில்லியைச் சுட்டி. “மொட்டுக்கூட விடும்போல.”

“நீங்க குளிக்கப் போங்க.”

அங்கே பழங்களின் நிலையைச் செய்திக்காரி நாள்தோறும் தொலைபேசியில் வாசித்தாள். அம்மா கையுறை அணிந்து ஒவ்வொரு துண்டாகப் புரட்டுகிறார். எக்ஸ்ரே பார்ப்பதுபோல் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார். நோயாளிகள் காத்திருக்கும்போதும் இடையில் ஒருமுறை மாடியேறி வந்து பார்த்துவிட்டுப் போகிறார்.

“நேத்து ஒரு ஆரஞ்சை வெளியில தள்ளிட்டாங்க அத்தை.”

“ஏம்மா?” என்றாள் பூக்காரம்மா.

“மத்ததோட வரிசையா இல்லையாம்.”

தள்ளியது ஒன்றுதானா, ஒன்பதா, எல்லாமா என்று பூக்காரம்மாவுக்குச் சந்தேகம் தீரவில்லை. திருமணத்துக்கு முந்தின நாள் கோப்பதற்காக அங்கே போனாள். வாசலிலேயே பல் டாக்டரம்மா உலர்ந்த கையுறையொன்றை நீட்டினார். அணிந்த பிறகே உள்ளே விட்டார். தட்டுகளில் துணி விலகியது. ஆரஞ்சுத் துண்டுகள் தேன்நிறக் கண்ணாடியாக இருந்தன. சுளைகளுக்கிடையே ஓடிய வெள்ளை வரிகள் சக்கரத்தின் ஆரங்களைப்போல் தெளிந்து நின்றன. ஒன்றை எடுத்து நகத்தால் தட்டினாள். டிக் என்றது.

“சம்பந்தி,” என்றாள்.

“பேசிக்கிட்டே நிக்காதீங்க. ஊசியை எடுங்க,” என்றார் அவர்.

மறுநாள் காலை மண்டபத்தின் நெடிய சன்னல்களில் வெயில் விழுந்தபோது, சரங்கள் அத்தனையும் ஒருசேர விளக்கேற்றிக்கொண்டன. மேடைவளைவில் ஆரஞ்சும் எலுமிச்சையும் ஆப்பிளும் பட்டையும் மாறி மாறித் தொங்கின; காற்று வந்தால் மெல்ல ஒன்றோடொன்று மோதி ஒலித்தன. கடைத்தெரு முழுவதும் வந்து அண்ணாந்து பார்த்தது. பூ மொத்த வியாபாரி கிட்டே வந்து, ஒரு வட்டத்தை இரு விரலால் தொட்டார்.

“இது எந்தச் சந்தையில கிடைக்குது?”

பூக்காரம்மா வாயெடுக்குமுன் பின்னாலிருந்து குரல் வந்தது.

“எங்க வீட்டு ஹால்ல,” என்றார் பல் டாக்டரம்மா.

பூக்காரம்மா அதை விழுங்கிக்கொண்டாள். மேடையில் ஓர் இதழ் பிளாஸ்டிக் இல்லை. அன்றைக்கு அவள் எதையும் விழுங்கத் தயார். மணமகள் உறுதிமொழியை ஒரே மூச்சில், ஓரிடத்தில்கூடத் தடுமாறாமல் வாசித்து முடித்தாள். ஒரு தும்மலுக்காகக் காத்திருந்த மணமகன் முகத்தில் மட்டும் சிறு ஏமாற்றம் தெரிந்தது.

பிற்பகலில் மண்டபம் காலியானபோது பூக்காரம்மா சாக்குப்பைகளோடு வந்தாள். விருந்து முடிந்ததும் வாடியதையெல்லாம் அறுத்துச் சாக்கில் திணிப்பது அவளுக்கு மாறாத வழக்கம்.

“சாக்கு எதுக்கு?” என்றார் பல் டாக்டரம்மா.

“எறியறதுக்கு.”

“எதை?”

பூக்காரம்மா வளைவைப் பார்த்தாள். காலையில் இருந்தது அப்படியே இருந்தது. சோர்வில்லை, சுருக்கமில்லை. மூன்றாம் நாள் என்ற ஒன்றை அவள் தொடுத்த எதுவும் இதுவரை கண்டதில்லை. இது நாளை இருக்கும். நாளை மறுநாளும் இருக்கும். அதன்பின் எங்கே இருப்பதென்று கேட்கும். அந்தக் கேள்விக்கு விடை அவள் தொழிலில் இல்லை.

“என்ன செய்யறதுன்னே தெரியல சம்பந்தி,” என்றாள் உண்மையாகவே.

“இதுல யோசிக்க என்ன இருக்கு? எங்க வீட்டு சன்னலெல்லாம் காலியாத்தானே கிடக்கு. நான் மாட்டிக்கிறேன்.” அவர் ஏற்கெனவே ஏணியைப் பிடித்திருந்தார். “தினம் துடைச்சு வைப்பேன். பயப்படாதீங்க.”

“அப்ப அந்தப் பூவெல்லாம்?”

“அது உங்க வீட்டுலயே இருக்கட்டும். நேத்து மாப்பிள்ளை போட்டோ அனுப்பினாரு, பார்த்தேன். என்கிட்ட இருந்தப்ப அது இவ்வளவு அழகா இருந்ததே இல்ல. உங்க கையில நல்லா இருக்கு சம்பந்தி.”

பூக்காரம்மா தன் மகனைப் பார்த்தாள். மகன் தன் மனைவியைப் பார்த்தான். செய்திக்காரி உதட்டை இறுக மூடிக்கொண்டு, வாசிக்கக்கூடாத செய்தியை வைத்திருப்பவள்போல் கூரையைப் பார்த்தாள். கணவர் மட்டும் சாக்குப்பைகளை நிதானமாக மடித்துக்கொண்டிருந்தார்.

“சரி சம்பந்தி,” என்றாள் பூக்காரம்மா.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் முகம் கடுகடுவென்றுதான் இருந்தது. ஆனால் பின்னறை இனி மகனுக்கும் மருமகளுக்கும் வேண்டியிருக்கும் என்பது நினைவுக்கு வந்ததும், சாடிகளைக் கூடத்துக்கு மாற்ற வேண்டுமே என்ற கவலை தொற்றிக்கொண்டது. கூடத்தில் கிழக்குச் சன்னல் காலை வெயிலுக்கு நேர். மேற்குச் சன்னலில் பிற்பகல் சூடு அதிகம். லில்லி அந்தச் சூட்டைத் தாங்குமா என்று தெருமுனை வரை எண்ணிக்கொண்டே நடந்தாள்.